ஆறில்லாத ஊர்

ஐந்தாவது சீட்டுக்கு ரிவர் என்று பெயர்.
யார் வைத்தார்களோ.
காரைக்குடியில் ஆறு கிடையாது.
சம்பை ஊற்று உண்டு, ஊருணிகள் உண்டு,
பெருமழையில் செக்காலை ரோட்டுக்கு
அரைமணி நேர ஓட்டமும் உண்டு.
ஆறு, இந்தச் செல்போனுக்குள் மட்டும்.

ராத்திரி ஒன்று நாற்பது.
பக்கத்து அறையில் நாச்சியப்பன் குறட்டை.
சமையல் மேடையோரம், சார்ஜர் எட்டும் தூரத்தில்
மிக்ஸிக்கும் குடத்துக்கும் நடுவே நான்.
பகலெல்லாம் ஆடிட்டர் ஆபீஸில் ஊரார் கணக்கு.
இது என்னுடையது:
கட்டியது ஐந்நூற்றைம்பது.
ஆயிரத்து இருநூறு பேரில் மிச்சம் நாற்பத்தாறு.
பணம் நாற்பத்தைந்து பேருக்கு.

எட்டு நிமிஷத்துக்கு ஒருதரம் பிளைண்டு ஏறுகிறது.
சும்மா உட்கார்ந்திருப்பவளிடமும் வசூல்.
இதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.
நடப்பு வட்டி என்றால் இந்த ஊரில்
பூனைக்கும் புரியும்.

பதினோரு பிளைண்டு கையில்.
வந்தது ஜோடி ஒன்பது.
லூதியானா டைகர் என்று ஒருவன்
மலைபோல் வைத்திருக்கிறான்,
அத்தனையையும் நடுவே தள்ளினான்.
முப்பது வினாடி.

சீட்டை மட்டும் பார்த்தால் கட்ட வேண்டிய கை.
ஆனால் அடுத்த மேஜையில் ரெண்டு பேருக்கு
இழுத்துக்கொண்டிருக்கிறது.
ஒன்றரை பிளைண்டு, ரெண்டு பிளைண்டு.
யார் முதலில் என்பதுதான் பாக்கி.
அவர்களை முந்திக்கொண்டு போக
எனக்கென்ன அவசரம்?
இருபத்தொன்பதாவது வினாடியில் மடக்கினேன்.

அவன் திருப்பிக் காட்டினான்: எட்டும் ஐந்தும்.
கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்று.

காது சூடாகிவிட்டது. குடத்தில் மொண்டு குடித்தேன்.
நாலு நிமிஷத்தில் ஒன்றரை பிளைண்டுக்காரர் போனார்.
நாற்பத்தைந்து.

இனி யாரும் பயப்பட மாட்டார்கள்,
என்னைத் தவிர, என்று நினைத்திருப்பார்கள்.
முப்பது வினாடி நடுங்கி மடக்கியவள் ஆயிற்றே.
பட்டன் என்னிடம் வந்தபோது
கிளாவர் ராஜாவும் நாலும்தான் இருந்தது,
குப்பையை விடக் கொஞ்சம் மேல்.
லூதியானா அந்தக் கையில் முன்னமே மடக்கிவிட்டிருந்தான்.
எல்லாவற்றையும் தள்ளினேன்.
மீதி ரெண்டு பேரும் மரியாதையாக ஒதுங்கினார்கள்.

அப்புறம் தூக்கம்.
கொட்டாவியோடு கொட்டாவியாக
ஏஸ்-பத்தை வைத்துக்கொண்டு லூதியானாவுக்குக் கட்டினேன்.
அவனிடம் ஏஸ்-ராஜா.
ஃப்ளாப்பில் ஒன்றுமில்லை. டர்னிலும் இல்லை.
கடைசியில் ஆட்டின் பத்து,
ஆறு வந்தது.
பொம்மை இப்போது அழுதது.

கடைசிக் கை ஜோடி ராணி.
எதிரே ஏஸ்-ஜாக்கி. சரியாகத் தள்ளினேன்,
அவரும் சளைக்காமல் கட்டினார்.
ஃப்ளாப்பின் முதல் சீட்டே ஏஸ்.
பத்தொன்பதாவது இடம்.
நாலாயிரத்து இருநூறு வரவு.

பழைய டைரியில் ரெண்டு பத்தி போட்டு வைத்திருக்கிறேன்.
இடப்பக்கம் செய்தது, வலப்பக்கம் நடந்தது.
ஒன்றை இன்னொன்றில் எழுதினால்
அந்த மாதம் ஐந்தொகை நேராகாது.

ஒன்பதை மடக்கியது: சரி. அவன் சிரித்தான்.
ராஜா-நாலு: சரி. கிடைத்தது.
ராணிகள்: சரி. போனது.
ஏஸ்-பத்துக்கு நேரே பேனா நின்றது.
தப்பு, என்று எழுதினேன்.
வலப்பக்கம்: ரெட்டிப்பு.

போன ராணிகளை நினைத்து எனக்கு வருத்தமில்லை,
நாளைக்கும் அப்படித்தான் தள்ளுவேன்.
இந்தப் பத்துதான்.
ஒருதரம் வட்டி கட்டாமல் தப்பித்தவன்
திரும்பவும் அதே கடைப் படியேறுவானே,
அந்த முகம் அதற்கு.
அடியில் ரெண்டு கோடு போட்டேன்.

மூன்றேகால்.
இருபதாம் தேதிக்குள் பதினேழு பேருக்கு
ஜிஎஸ்டி போட வேண்டும்.
நாலரைக்குக் குழாயில் வரும்.
குடத்தைக் கவிழ்த்து மிச்சத்தை ஊற்றிவிட்டு
குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தேன்.